குடைக்கும் அதே தலையாட்டல்

தையல்காரம்மா நோட்டை மேஜைமேல் வைத்த விதமே ஒரு தினுசாக இருந்தது. வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளையின் தாயார், மார்க் அட்டையை எதிர்வீட்டுக்காரி முகத்துக்கு நேரே நீட்டுவாளே, அதே தினுசு.

"ஒன்பது நாளா பத்துக்குப் பத்து. நல்லாப் பாத்துக்குங்க," என்றாள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த தெரபிஸ்டுக்கு முப்பது வயதுகூட இருக்காது. பக்கவாதம் வந்து பேச்சுப் போனவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது அவள் வேலை. ஆஸ்பத்திரியின் பின்கட்டில், எக்ஸ்ரே எடுக்கும் இடத்துக்கும் அழுக்குத் துணி மூட்டை கட்டும் இடத்துக்கும் நடுவில் அவளுக்கு ஓர் அறை ஒதுக்கியிருந்தார்கள். ஒரு மேஜை, சுவரோரம் குடும்பத்தாருக்கு ஒரு பெஞ்சு, கால் ஆடும் மூன்று நாற்காலிகள், படக்கார்டுகள் அடுக்கிய ஒரு செருப்பு டப்பா. அவ்வளவுதான் அறை.

அவள் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். பிறகு தன் ஃபைலைத் திறந்து பார்த்தாள்.

"இங்க நேத்து மூணும்மா. போன வாரம் ஒரு நாள் ரெண்டு, ஒரு நாள் மூணு. வீட்ல மட்டும் எப்படிப் பத்து வருது?"

"வீடு வேற, ஆஸ்பத்திரி வேற இல்லையா? நீங்க மேஜை ஓரத்தப் பாத்துக்கிட்டே சொல்றீங்க. கடனேன்னு சொன்னா மனுஷனுக்கு எப்படி ஏறும்? நான் மூஞ்சியப் பாத்து, பொறுமையா, ஆசையாச் சொல்றேன். டக்குனு எடுத்துடறாரு."

பக்கத்து நாற்காலியில் அவள் கணவர் உட்கார்ந்திருந்தார். தலை வாரி, சட்டைப் பொத்தான் சரியாகப் போட்டு, விளங்காத வலது கையை மடியில் வைத்திருந்தார். யார் பேசினாலும் அவர்கள் பக்கம் முகத்தைத் திருப்பி, பேச்சு முடிந்ததும் ஒரு சின்னத் தலையாட்டல். பார்க்கிறவர்களுக்கு, பெரிய மனுஷர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மரியாதைக்குச் சும்மா இருக்கிறார் என்றுதான் தோன்றும்.

அவர் பஸ் டிப்போவில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். முப்பத்திரண்டு வருஷம் கவுண்டருக்கு உள்ளே நின்றவர். மெக்கானிக் ஜன்னலில் எட்டிப் பார்த்து ஒரு பெயரைச் சொல்வான். இவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை விட்டு அந்தச் சாமானை எடுத்துப் போடுவார். போல்ட்டிலேயே நாற்பது வகை, வாஷரில் அதற்கு மேல். டிப்போவில் அவரை "ஸ்டோரு" என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்ட ஆளுக்கு இப்போது சீப்பு எது, சாவி எது என்று தெரியவில்லை.

தெரியவில்லை என்றும் சொல்ல முடியாது. முதல் நாளே தெரபிஸ்ட் அதை விளக்கியிருந்தாள்.

"காது நல்லாக் கேக்குதும்மா. கண்ணு நல்லாத் தெரியுது. சீப்பக் கையில குடுத்தா தலை வாருறாரு, சாவியக் குடுத்தா பூட்டுக்கிட்ட போறாரு. சாமான் தெரியுது. 'சீப்பு'ன்னு நாம சொல்ற சத்தம் உள்ள போயி அந்தச் சீப்புகிட்ட சேர மாட்டேங்குது. அந்த வழிதான் அடைச்சிருக்கு. ரொம்ப பலமாவே அடைச்சிருக்கு."

பயிற்சி என்னவோ பார்க்கச் சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரிதான் இருக்கும். நாலு படத்தை மேஜைமேல் பரப்ப வேண்டும். ஒரு வார்த்தையைச் சொல்ல வேண்டும். அவர் அந்தப் படத்தைத் தொட வேண்டும். ஒரு வேளைக்குப் பத்து வார்த்தை, பத்து தடவை, தினம் இரண்டு வேளை. வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில், பாக்கி நாள் வீட்டில். மொத்தம் பன்னிரண்டு வாரம். அது முடிந்ததும், முன்னேற்றம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், நாற்காலியை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். இப்போது ஆறாவது வாரம்.

பன்னிரண்டு வாரம் கிடக்கட்டும். தையல்காரம்மாவின் அவசரம் வேறு. அவருக்குக் குடையும் புரிய வேண்டாம், சீப்பும் புரிய வேண்டாம். அவருக்குப் புரிய வேண்டியது ஒரே ஒரு விஷயம். அது அவருக்குப் புரிந்துவிட்டது என்று நம்பித்தான் அவள் மூன்று வாரமாகத் தலை நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தாள்.

அந்த விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்பது வருஷம் அவள் தன் புருஷனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு நாளா, ஒரு வாரமா? ஒன்பது வருஷம். ஒரே வீடு, ஒரே சமையலறை, ஒரே குழாய். பேச்சு மட்டும் கிடையாது.

காரணம் அவளுடைய அம்மா. வேறு ஊரில், அவளுடைய தம்பி வீட்டில் அம்மா இருந்தாள். அம்மாவுக்கு முடியவில்லை என்று டிப்போவுக்கு ஃபோன் வந்தது ஒரு திங்கட்கிழமை. இந்த மனுஷன் வீட்டுக்கு வந்து வாயைத் திறந்தது புதன்கிழமை. அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினாள். போய் இறங்கும்போது அம்மா கண் மூடி ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. கடைசி இரண்டு நாளும் அம்மா அவள் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாளாம். யாரோ ஒருத்தி அதையும் வந்து காதில் போட்டுவிட்டுப் போனாள்.

"ஏன் சொல்லல?" என்று கேட்டாள். அவர் தலை குனிந்து நின்றார். அன்றைக்கு மூடியதுதான் அவள் வாய்.

முதலில் அவர் கெஞ்சினார். பிறகு கத்தினார். பிறகு அவரும் பழகிக்கொண்டார். அவள் முன்னறையில் தையல் மெஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். எப்போதும் உதட்டில் நாலு குண்டூசி இருக்கும், அதனால் வாயைத் திறக்காததற்குச் சாக்குக்கும் பஞ்சமில்லை. "உங்கப்பாவுக்குச் சாப்பாடு போடவான்னு கேளு" என்று மகளிடம் சொல்வாள். மகள் கல்யாணம் ஆகிப் போன பிறகு சுவரிடம் சொன்னாள். அப்புறம் சுவரிடமும் சொல்வதை விட்டுவிட்டாள். சொந்தக்காரர்கள் கிண்டல் செய்தார்கள். "உங்க வீட்ல தினம் ஊமைப்படம் போல. டிக்கெட் இல்லாம பாக்கலாமா?"

அப்படியானால் குடும்பம் எப்படி ஓடியது? கண்ணால் ஓடியது. அவள் மெஷினில் உட்கார்ந்தபடி கெட்டிலைப் பார்ப்பாள். அவர் எழுந்து டீ போடுவார். வானத்தைப் பார்த்துவிட்டு மூலையைப் பார்ப்பாள். அவர் குடையை எடுத்துக்கொள்வார். சாப்பிடும்போது அவள் பார்வை உப்பு டப்பாமேல் விழுந்தால் போதும், டப்பா அவள் தட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும். அவள் பார்ப்பாள், அவர் எடுத்துக் கொடுப்பார். டிப்போவில் பார்த்த அதே உத்தியோகம்தான், இங்கே பெயர் சொல்வதற்கு மட்டும் ஆளில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை தம்பி ஃபோன் செய்தான். அவனுக்கு நெஞ்சுவலி வந்து பிழைத்திருந்த நேரம். சாவைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு மனசாட்சி உறுத்தியிருக்கிறது.

"அக்கா, மாமா மேல தப்பில்லக்கா. அம்மாவுக்குச் சும்மா காய்ச்சல், அக்காவ பயமுறுத்தாதீங்கன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன். இப்படி ஆகும்னு நெனக்கல. அப்புறம் நீ என்ன வெட்டி விட்டுடுவியோன்னு பயந்து, மாமாவச் சொல்ல வேணாம்னு கால்ல விழாத குறையா கேட்டுக்கிட்டேன். 'சரிடா, உனக்கும் அவளுக்கும் வேற யாரு இருக்கா, என்கிட்டன்னா ரெண்டு நாள்ல சரியாயிடுவா'ன்னு மாமா சொன்னாருக்கா."

இரண்டு நாள்! ஒன்பது வருஷம் அந்த மனுஷன் வாயைத் திறக்கவில்லை.

அவள் ஃபோனை வைத்தாள். தம்பியைத் திட்டக்கூடத் தோன்றவில்லை. அன்றைக்கே, அவர் வீட்டுக்குள் காலை வைத்ததுமே, அவள் சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஒன்பது வருஷம் பூட்டிக் கிடந்த வாய், எந்த வார்த்தையில் திறப்பது? எடுத்த எடுப்பில் மன்னிச்சிடுங்க என்பதா? டீ வேணுமா என்று ஆரம்பிப்பதா? புதன்கிழமை அவர் தண்ணீர் குடிக்க வந்தபோது உதட்டிலிருந்து குண்டூசிகளை எடுத்தாள். அவர் குடித்துவிட்டுப் போய்விட்டார். வியாழக்கிழமை குண்டூசிகளைத் திரும்ப வைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கலாம், லீவு நாள், நிதானமாகச் சொல்லலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். வீம்பு, வேறென்ன!

ஞாயிற்றுக்கிழமை காலை, பாதி முகத்தில் சோப்பு நுரையோடு அவர் கண்ணாடி முன்னால் விழுந்தார்.

"ஏங்க!" என்று அலறினாள். ஒன்பது வருஷத்தில் அவரிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை. தரையில் கிடந்தவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். அந்த வார்த்தை அவருக்கு வெறும் சத்தமாகத்தான் போய்ச் சேர்ந்தது என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

பயிற்சி ஆரம்பித்த அன்று தெரபிஸ்ட் ஒரு தாளைக் கொடுத்தாள். "அவருக்கு ரொம்ப முக்கியமான இருபது வார்த்தை எழுதிக் கொண்டாங்கம்மா. அதை வச்சே பயிற்சி செய்யலாம்." தையல்காரம்மா வீட்டில் உட்கார்ந்து யோசித்து எழுதினாள். டீ, தண்ணி, கண்ணாடி, சீப்பு, சாவி, குடை, செருப்பு, ஃபோன், மகள் என்று போய், இருபதாவதாக மன்னிப்பு என்று எழுதினாள்.

தெரபிஸ்ட் பட்டியலைப் பார்த்தாள். பென்சிலால் கடைசி வார்த்தையின் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு போட்டாள்.

"இதுக்குப் படம் கிடையாதேம்மா."

"படம் இல்லாட்டி என்ன?"

"அவரு தொட்டுக் காட்டணும்ல? தொடற மாதிரி ஏதாவது சொல்லுங்க. தலையணை போட்டுக்கலாமா?"

தலையணை போட்டுக்கொண்டார்கள்.

ஆனால் அவள் விடவில்லை. பயிற்சி தொடங்கி மூன்றாவது வாரம், வீட்டில் அவர் படங்களைத் தொட ஆரம்பித்தார். முதலில் ஆறு, பிறகு எட்டு, ஒரு நாள் ஒன்பது. மகளுக்கு ஃபோன் செய்து சொன்னாள். மகள் வந்து பார்த்துவிட்டு, "அப்பாவுக்கு எல்லாம் புரியுதும்மா, சொல்லத்தான் வரல," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்று மத்தியானம், மகள் போன பிறகு, தையல்காரம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். அவருடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். தம்பி சொன்னது, செவ்வாய்க்கிழமை, குண்டூசி, ஞாயிற்றுக்கிழமை, எல்லாம். "நான் பாவிங்க. என்ன மன்னிச்சிடுங்க," என்று சொல்லும்போது வெடித்து அழுதாள். அவர் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கண்ணிலும் தண்ணீர் வந்தது. தலையை ஆட்டினார். ஒரு தடவை இல்லை, பல தடவை ஆட்டினார். அவள் கையை அழுத்தினார்.

அன்றைக்கு வந்த நிம்மதியை அவள் வாழ்நாளில் அனுபவித்ததில்லை. அந்த நிம்மதியில்தான் தினம் பத்துக்குப் பத்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"சரிம்மா, வீட்ல எப்படிச் செய்றீங்களோ, அப்படியே இங்க செஞ்சு காட்டுங்களேன்," என்றாள் தெரபிஸ்ட்.

தையல்காரம்மா இத்தனை நாளும் குடும்பத்தாருக்கான பெஞ்சில், அவருக்குப் பின்னால் உட்கார்ந்தே பழகியவள். இன்றைக்குத்தான் அவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். நாலு படத்தைப் பரப்பினாள்.

"குடை."

தொட்டார்.

"சாவி."

தொட்டார். பத்தும் தொட்டார். ஒன்றுகூடத் தப்பவில்லை. தையல்காரம்மா தெரபிஸ்டைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, நியாயமாக அந்தப் பெண் எழுந்து நின்றிருக்க வேண்டும்.

அவள் எழுந்திருக்கவில்லை. ஃபைல் ஒன்றை எடுத்து நீட்டினாள். "இதை முகத்துக்கு முன்னால பிடிச்சுக்கிட்டு மறுபடி சொல்லுங்கம்மா. அதே வார்த்தைதான். அதே குரல்ல."

"எதுக்கு?"

"சும்மா ஒரு தடவை."

ஃபைலுக்குப் பின்னாலிருந்து அவள் சொன்னாள். "குடை." படத்தைத் தொடும் சத்தம் கேட்கவில்லை. ஓரத்தால் எட்டிப் பார்த்தாள். அவர் படங்களைப் பார்க்கவே இல்லை. ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தை இப்படியும் அப்படியும் சாய்த்து, ஃபைலுக்குப் பின்னால் அவளைத் தேடினார். பிறகு என்னவோ ஒன்றைத் தொட்டார். செருப்பு.

பத்துக்கு இரண்டு.

"நாலு படத்துல கண்ண மூடிக்கிட்டு ஒண்ணத் தொட்டாலும் பத்துக்கு ரெண்டு மூணு வரும்மா," என்றாள் தெரபிஸ்ட். ரொம்ப மெதுவாகத்தான் சொன்னாள். "நீங்க வார்த்தை சொல்லும்போதே உங்க கண்ணு அந்தப் படத்துக்குப் போயிடுது. எல்லா வீட்லயும் நடக்கறதுதான், உங்க தப்பில்ல. ஆனா மத்தவங்களுக்கு அப்படியும் அஞ்சு ஆறுதான் வரும். இவ்ளோ கச்சிதமாக் கண்ணப் படிக்கிற ஆள நான் பாத்ததே இல்ல. எப்படிம்மா?"

எப்படியாம்! தையல்காரம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. ஒன்பது வருஷம் உட்கார்ந்து அவளே அல்லவா சொல்லிக் கொடுத்திருக்கிறாள்? கெட்டிலைப் பார்த்து, உப்பைப் பார்த்து, குடையைப் பார்த்து. அதைப் போய் இந்தச் சின்னப் பெண்ணிடம் எந்த வாயால் சொல்வது?

அப்போதுதான் அந்த மத்தியானம் ஞாபகம் வந்தது. ஃபைலை மேஜைமேல் போட்டாள்.

"படம் போகட்டும். நான் இவர்கிட்ட ஒரு விஷயம் சொன்னேன். முக்கியமான விஷயம். நல்லாப் புரிஞ்சு, தலையாட்டினாரு. அழுதாருங்க. அது பொய்யா?"

தெரபிஸ்ட் ஃபைலை ஓரமாக நகர்த்தி வைத்தாள். "நீங்க அழுதீங்களா?" என்று கேட்டாள்.

"அழாம?"

தெரபிஸ்ட் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள். முகத்தைக் கனிவாக வைத்துக்கொண்டு, ஒரு துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டாள்.

"ஐயா, நீங்க ஒரு குடையா?"

அவர் அவளை உற்றுப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினார். ஒரு தடவை இல்லை, பல தடவை. கண்கூட லேசாகக் கலங்கியது.

தையல்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சத்தியமாகச் சிரித்துவிட்டாள். சிரித்த வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு, வெளியே போய், அழுக்குத் துணி மூட்டைகளுக்குப் பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டி தள்ளிக்கொண்டு வந்தவன் வழி கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போனான். இந்தப் பெண் ஏன் தன்னிடம் இதைக் காட்டினாள், தெரியாமலே இருந்திருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும் என்று அவளைக் கரித்துக் கொட்டினாள். பிறகு தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டுவதற்கு வார்த்தைகளுக்கா பஞ்சம்? இவளிடம் எல்லா வார்த்தையும் இருந்தது. இருந்தும் ஒன்பது வருஷம் ஒன்றைக்கூடக் கொடுக்கவில்லை.

எட்டாவது வாரம் தம்பி வந்தான். பை நிறையப் பழத்தோடு வந்து, மாமாவின் காலடியில் உட்கார்ந்து, "மாமா, எல்லாம் என்னால வந்தது மாமா. அக்காகிட்ட உண்மையச் சொல்லிட்டேன். என்ன மன்னிச்சிடுங்க மாமா," என்று தேம்பினான். மாமா அவனைப் பார்த்தார். மாமாவுக்கும் கண் கலங்கியது. தலையாட்டினார். அவன் தலையில் இடது கையை வைத்தார்.

தம்பி முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தான். பத்து வயசு குறைந்த மாதிரி இருந்தான். "தெய்வம்க்கா மாமா. ஒரே வார்த்தையில மன்னிச்சுட்டாரு."

தையல்காரம்மா மெஷினை நிறுத்தினாள். சொல்லாமல் விட்டிருக்கலாம். தனக்குப் போன நிம்மதி அவனுக்காவது இருக்கட்டும் என்று நினைக்கிற பெருந்தன்மை அந்த நேரத்தில் அவளுக்கு இல்லை.

"எந்த வார்த்தைடா சொன்னாரு?"

"இல்லக்கா, தலையாட்டி..."

"நீங்க குடையான்னு கேளு. அதுக்கும் இதே மாதிரிதான் தலையாட்டுவாரு. கண்ணும் கலங்கும். போயிட்டு வா."

தம்பி முகத்தை மறுபடி துடைத்துக்கொண்டான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போனான். இன்றுவரை ஃபோன் இல்லை.

அதற்குப் பிறகு அவள் அட்டைக்குப் பின்னாலிருந்துதான் சொல்லிக் கொடுத்தாள். சட்டைப் பெட்டியின் மூடியை வெட்டி, கைப்பிடி வைத்து, அவளே செய்துகொண்ட அட்டை. காலையும் சாயங்காலமும் அதைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு, "குடை... சாவி... தலையணை..." என்று கத்துவாள். முதலில் கொஞ்ச நாள் அவர் அட்டையைப் பிடித்து இழுத்தார். முகம் வேண்டுமாம் அவருக்கு. ஒரு நாள் கோபம் வந்து படங்களையெல்லாம் தரையில் தள்ளிவிட்டார். ஒன்பது வருஷம் முகத்தைக் காட்டிப் பேச்சை மறைத்தவள், இப்போது பேச்சைக் கொடுத்து முகத்தை மறைக்கிறாள், அவர்தான் என்ன செய்வார்! அவள் குனிந்து ஒவ்வொரு படமாகப் பொறுக்கினாள். மறுபடி பரப்பினாள். மூன்று வந்தது. நான்கு வந்தது. ஒரு வாரம் நான்கிலேயே நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். தையல் வேலை தேங்கிப்போய், இரண்டு பள்ளிக்கூடக்காரர்கள் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். போகட்டும் என்றாள்.

பன்னிரண்டாவது வாரம் கடைசி நாள் தெரபிஸ்ட் கணக்கைச் சொன்னாள். மகளும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

"பயிற்சி குடுத்த இருபது வார்த்தையில பதினொண்ணு நிலையா வந்திருக்கு. முகத்தைப் பாக்காம, காதால கேட்டே எடுக்கறாரு. இவ்ளோ கடுமையா அடி வாங்கினவருக்கு இது குறைச்சல் இல்லம்மா. உண்மையாவே பெரிசு."

"சொல்லிக் குடுக்காத வார்த்தை?" என்று மகள் கேட்டாள்.

"அது முன்ன இருந்த மாதிரியேதான். ஒரு வார்த்தை வந்தா அதோட பத்து வார்த்தை சேர்ந்து வரும்னு இதுல கிடையாது. ஒவ்வொண்ணா, தனித்தனியாத்தான் உள்ள போகும். வீட்ல தொடர்ந்து செய்யுங்க. ஆனா பேசறதா இருந்தா முகத்தை மறைக்க வேணாம். கண்ணு, கை, ஜாடை எல்லாத்தையும் தாராளமா வச்சுக்குங்க. அட்டை மார்க் போடறதுக்கு மட்டும்தான். உங்க கண்ணு அவருக்கு அவ்ளோ நல்லாப் புரியுதே, அது எவ்ளோ பெரிய விஷயம்!"

"கண்ணால என்னம்மா சொல்ல முடியும்?" என்றாள் தையல்காரம்மா. "எடு, வை, போ, வா. அதுக்கு மேல என்ன இருக்கு?"

தெரபிஸ்ட் அவளுடைய கையைப் பிடித்தாள். வெளியே பெஞ்சில் அடுத்த ஆள் காத்துக்கொண்டிருந்தார். பாதி வாய் கோணிய ஓர் இளைஞர், பக்கத்தில் மனைவி, மனைவியின் மடியில் புத்தம் புதிய நோட்டு.

வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு மகள் வேலைக்குப் போனாள். மத்தியான வெயில் முன்னறைத் தரையில் கிடந்தது. அவரை நாற்காலியில் உட்கார வைத்தாள். எதிரே மெஷின் ஸ்டூலைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். அட்டையை எடுக்கவில்லை. படங்களையும் எடுக்கவில்லை.

"ஏங்க," என்றாள். "இன்னைக்கு ஒரே ஒரு தடவை. அப்புறம் உங்களத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

அவர் அவள் கண்ணைப் பார்த்தார்.

"அம்மா விஷயத்துல உங்க மேல தப்பில்ல. எனக்குத் தெரிஞ்சு போச்சு. நீங்க விழறதுக்கு அஞ்சு நாள் முன்னாலயே தெரிஞ்சும் சொல்லாம விட்டுட்டேன். நான்தான் தப்பு."

அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. "ஆட்டாதீங்க! புரியாம ஆட்டாதீங்க," என்று கத்தினாள். அவர் மிரண்டுபோய் நிறுத்தினார். பாவமாக இருந்தது. என்ன செய்வாள்? மெஷினுக்கு மேலே அலமாரியில் அம்மாவின் படம் இருந்தது. அதைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அம்மா, நீங்க, நான் என்று நெஞ்சில் கை வைத்துக் காட்டினாள். தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அந்தக் கண்ணில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

அவர் முகம் தெளிந்தது.

நாற்காலிக் கையை ஊன்றி எழுந்தார். வலது காலை இழுத்து இழுத்து அலமாரிக்கு நடந்தார். இடது கையால் அம்மாவின் படத்தை எடுத்தார். கண்ணாடியில் படிந்திருந்த தூசியைச் சட்டையில் துடைத்தார். துடைத்துவிட்டுப் படத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அவளிடம் திரும்பி வந்தார். அவள் ஸ்டூலிலிருந்து பாதி எழுந்துவிட்டாள்.

படத்தை அவள் கையில் கொடுத்தார். டிப்போ கவுண்டரில் கேட்ட சாமானைச் சரியாக எடுத்துப் போட்டதும் நிற்பாரே, அப்படி நின்றார்.

"சரிங்க," என்றாள். "சரியா எடுத்துட்டீங்க."

அவர் சிரித்தார். பிறகு, அடுத்து என்ன எடுக்க வேண்டும் என்று அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றார்.